சோதனை எங்கிருந்து நடக்கிறது?

கிழக்குக் கடற்கரைச் சாலையில் புதுச்சேரி நகரத்திற்கு வடக்கே உள்ள காலாப்பட்டில், 1985-ஆம் ஆண்டு நாடாளுமன்றச் சட்டத்தால் உருவான புதுச்சேரிப் பல்கலைக்கழகமும், 1984-இல் பொறியியல் கல்லூரியாக நிறுவப்பட்டு 2020-இல் புதுச்சேரித் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமாக உயர்ந்த நிறுவனமும் அமைந்துள்ளன. இவ்வளாகங்களில் கணினி அறிவியல் பயில்வோரில் பலர், வேலைக்குச் சென்றபின், தாம் நேரில் காணவே வாய்ப்பில்லாத தொலைதூரச் சர்வர்களைத்தான் அன்றாடம் கையாளப்போகிறார்கள். அத்தகைய சர்வர்களின் திரளைப் பொதுவில் வைத்துக்கொண்டு, தேவை கூடும்போது கூட்டியும் குறையும்போது குறைத்தும் பயன்படுத்தும் முறையே மேகக் கணிமை. இந்திய அரசு மேக்ராஜ் என்ற பெயரில் தனக்கான மேகத்தை 2014-இல் தொடங்கியது. சென்னையில் உள்ள சி-டாக் மையம் திறமூல மென்பொருள்களைக் கொண்டு மேக்தூத் என்னும் தொகுப்பை உருவாக்கியது. அரசுச் சேவைகள் இத்தகைய அமைப்புகளை நம்பி இயங்கும் காலத்தில், அவை சரியாக இயங்குகின்றனவா என்று சோதிக்கும் முறையும் பொதுமக்களுக்குத் தொடர்புடைய செய்தியே.

மேகம் என்பது ஒரே மென்பொருள் அன்று. நாசாவும் ராக்ஸ்பேஸ் நிறுவனமும் சேர்ந்து 2010 ஜூலையில் தொடங்கிய ஓபன்ஸ்டாக் என்னும் திறமூல மேகத்தை எடுத்துக்கொண்டால், பயனர் யார் என்று சரிபார்க்கக் கீஸ்டோன், கணினிப் படிமங்களைச் சேமிக்கக் கிளான்ஸ், மெய்நிகர் கணினிகளை இயக்க நோவா, வலையமைப்புக்கு நியூட்ரான், வட்டுக்குச் சிண்டர் எனத் தனித்தனிப் பகுதிகள் அதில் உண்டு. இவை ஒவ்வொன்றும் தனியே சோதிக்கப்பட்டுத் தேறியிருந்தாலும், சேர்ந்து வேலை செய்யும்போது ஒன்று சொல்வது மற்றொன்றுக்குப் புரியாமல் போகலாம். அதைக் கண்டறியும் சோதனையே ஒருங்கிணைப்புச் சோதனை எனப்படுகிறது. ஓபன்ஸ்டாக்கிற்கென்றே டெம்பெஸ்ட் என்னும் சோதனைத் தொகுப்பு இருக்கிறது. அதன் சூழ்நிலைச் சோதனைகளில் ஒன்று, ஒரு பயனரைப் போலவே மேகத்திற்குள் நுழைந்து, புதிய வலையமைப்பை அமைத்து, சிர்ராஸ் என்ற மிகச் சிறிய லினக்ஸ் படிமத்தைக் கொண்டு மெய்நிகர் கணினி ஒன்றை எழுப்பி, அதற்கு வெளி முகவரி கொடுத்து, அம்முகவரி வழியே உள்ளே புகுந்து பார்த்து, இறுதியில் தான் உருவாக்கிய அனைத்தையும் அழித்துவிட்டு வெளியேறும். இவற்றில் எந்தப் படி தவறினாலும், கோளாறு எந்தப் பகுதியில் இருக்கக்கூடும் என்பதற்கு ஒரு தடயம் கிடைக்கும்.

இச்சோதனையை இப்போது கன்டெய்னர் ஒன்றுக்குள் வைத்தும் இயக்குகிறார்கள். கன்டெய்னர் என்பது தனிக் கணினி அன்று; ஒரு நிரலையும், அது இயங்கத் தேவையான எல்லா நூலகங்களையும் ஒரே படிமமாகக் கட்டி, அதே கணினியின் மற்ற நிரல்கள் அதன் கண்ணில் படாதபடி லினக்ஸின் கருவான கெர்னல் வேலியிட்டு இயக்கும் ஏற்பாடு. அவ்வேலிக்கு இரண்டு கூறுகள் உண்டு. நிரல் எதையெல்லாம் பார்க்கலாம் என்பதை நேம்ஸ்பேஸ் வரையறுக்கிறது. நினைவகத்தையும் செயலியையும் எவ்வளவு எடுத்துக்கொள்ளலாம் என்பதைச் சிகுரூப் வரையறுக்கிறது. சிகுரூப்பின் தொடக்க வேலையைக் கூகுளில் பால் மெனேஜும் ரோஹித் சேத்தும் 2006-இல் செய்தார்கள். அதன் நினைவகக் கட்டுப்பாட்டை எழுதிய பல்பீர் சிங்கும், செயலி நேரத்தைக் குழுக்களுக்குப் பங்கிடுவதில் உழைத்த ஸ்ரீவத்ச வட்டகிரியும் அப்போது ஐ.பி.எம். நிறுவனத்தில் பணியாற்றிய பொறியாளர்கள். 2013-இல் வந்த டாக்கர் இவற்றை எளிய கட்டளைகளாக்கி உலகெங்கும் பரப்பியது என்பது பலரும் அறிந்ததே. டாக்கர் நிற்கும் அடித்தளத்தை இட்டவர்களில் இந்தியப் பெயர்கள் இருப்பது போதிய அளவுக்குப் பேசப்படவில்லை.

சோதனைக் கருவியைக் கன்டெய்னருக்குள் வைப்பதன் பயன் வெளிப்படையானது. டெம்பெஸ்ட் பைத்தானில் எழுதப்பட்டது. அது எண்ணற்ற நூலகங்களைச் சார்ந்து நிற்பதால், ஒரு மாணவரின் மடிக்கணினியில் தேறிய சோதனை ஆய்வகக் கணினியில் நூலகப் பதிப்பு மாறியதாலேயே தோற்கக்கூடும். படிமமாகக் கட்டிவிட்டால், காலாப்பட்டில் இயங்கிய அதே கருவி ஓர் எழுத்தும் மாறாமல் சென்னையில் உள்ள தரவு மையத்திலும் இயங்கும். ஆனால் மாறாமல் பயணிப்பது கருவி மட்டுமே. அது நிற்கும் இடம் ஒவ்வொரு முறையும் வேறு. சோதனை எங்கிருந்து நடக்கிறது என்பதும் சோதனையின் ஒரு பகுதியே என்பதை மறந்தால், நலமாக இருக்கும் மேகத்தைப் பழுது என்றும், பழுதுற்றதை நலம் என்றும் அறிக்கை எழுத நேரும்.

மிக எளிய எடுத்துக்காட்டு 127.0.0.1 என்ற முகவரி. ஒரே கணினியில் மேகத்தையும் கருவியையும் வைத்துப் பயில்பவர், கருவி வெளியே இருந்தவரை இம்முகவரியில் மேகத்தை அடைந்திருப்பார். கன்டெய்னருக்குள் சென்றபின் அதே முகவரி கன்டெய்னரையே குறிக்கும். தன் வீட்டுக்குள் இருந்துகொண்டு தன் கதவையே தட்டி, பக்கத்து வீட்டில் ஆளில்லை என்று முடிவுகட்டுவதைப் போன்றது இது. அடுத்தது, டாக்கர் தன் உள்வலைக்கு இயல்பாக எடுத்துக்கொள்ளும் 172.17 எனத் தொடங்கும் முகவரிகள். ஒரு கல்லூரியோ அலுவலகமோ அதே முகவரிகளைத் தன் வளாக வலைக்கும் வைத்திருந்தால், மேகத்தை நோக்கிப் புறப்படும் செய்தி கணினியை விட்டே வெளியேறாமல் உள்ளுக்குள் சுற்றி மடியும்.

இவற்றைவிடப் பிடிபடாதது பொட்டல அளவு. வலையில் தரவு பொட்டலங்களாகச் செல்கிறது. ஒரு பொட்டலத்தின் உச்ச அளவு வழக்கமாக 1500 பைட். மேகத்திற்குள் ஒவ்வொரு வாடிக்கையாளரின் வலையையும் தனியே பிரிக்கும் விஎக்ஸ்லான் முறை, பொட்டலத்தின் மேல் 50 பைட் உறையைச் சேர்ப்பதால், உள்ளிருக்கும் மெய்நிகர் கணினிக்கு 1450 பைட் மட்டுமே மிஞ்சுகிறது. அக்கணினியில் இயங்கும் கன்டெய்னரோ இதை அறியாமல், 1500 வரை தன்னால் வாங்க முடியும் என்று எதிர்முனைக்குச் சொல்லிவிடுகிறது. தொடக்க வணக்கங்கள் சிறிய பொட்டலங்கள் ஆகையால் தடையின்றிச் சென்று வருகின்றன. இணைப்பு இருக்கிறதா என்று பார்க்கும் பிங் கட்டளைக்கும் பதில் கிடைக்கிறது. எதிர்முனை தன் பாதுகாப்புச் சான்றிதழை அனுப்பும்போதுதான் பொட்டலம் முழு அளவை எட்டுகிறது. அது வழியில் கைவிடப்படுகிறது. பெரிதாகிவிட்டது என்று திரும்பிவர வேண்டிய அறிவிப்பைத் தீயரண் தடுத்துவிட்டால், இரு முனைகளும் ஒன்றுக்காக ஒன்று காத்திருந்து, நேரம் முடிந்தது என்ற ஒற்றை வரியுடன் சோதனை தோற்கிறது. அவ்வரியைப் படிப்பவர் கீஸ்டோனைப் பல மணி நேரம் குடைந்தாலும் அங்கே பிழை கிடைக்காது. கன்டெய்னர் வலையின் உச்ச அளவை 1450 அல்லது அதற்குக் கீழே வைத்தால் சிக்கல் தீரும்.

வணிக மேகங்களிலும் இதே இயல்பு உண்டு. அமேசான் மேகத்தில் ஒரு மெய்நிகர் கணினி தன் அனுமதிச் சான்றுகளை 169.254.169.254 என்ற முகவரியிலிருந்து பெறுகிறது. 2019 நவம்பரில் வந்த அச்சேவையின் இரண்டாம் பதிப்பு, சான்று வெளியே கசியாதிருக்க, தன் பதில் ஒரு தாவலுக்கு மேல், அதாவது ஒரு வலையைக் கடந்து இன்னொன்றுக்கு, செல்லக்கூடாது என்பதை இயல்பாக வைத்தது. கன்டெய்னரின் உள்வலை இன்னொரு தாவல் ஆகையால், கணினியில் நேரடியாக இயங்கும்போது கிடைத்த சான்று கன்டெய்னருக்குள் கிடைக்காமல் போகலாம். பாதுகாப்புக்காக வைக்கப்பட்ட அவ்வரம்பை யோசிக்காமல் தளர்த்துவதைவிட, சோதனைக்கென்று குறைந்த உரிமையும் குறுகிய ஆயுளும் கொண்ட தனிச் சான்றை வழங்குவதே முறை.

டாக்கரின் கட்டுப்பாட்டு வாயிலான சாக்கெட் கோப்பைச் சோதனைக் கன்டெய்னருக்குள் திறந்துவிடும் பழக்கமும் கவலைக்குரியது. அதைப் பெற்ற நிரல், தாங்கும் கணினியின் முழு நிர்வாகியாக மாற முடியும்; வேலிக்குள் வைக்கிறோம் என்ற எண்ணமே அங்கு பொருளிழக்கிறது. பலர் பயன்படுத்தும் ஆய்வகக் கணினிகளில் இதை அனுமதிக்கவே கூடாது. நிர்வாகி உரிமையின்றியே கன்டெய்னரை இயக்கும் பாட்மேன் போன்ற கருவிகள் இருக்கும்போது அதற்கான தேவையும் மிகக் குறைவு.

இடையில் நின்றுபோகும் சோதனை வேறொரு தொல்லை தரும். நினைவக வரம்பை மீறிய கன்டெய்னரைக் கெர்னல் கொல்லும்போது 137 என்ற எண்ணுடன் அது முடிகிறது; துப்புரவுப் படிக்கு வாய்ப்பே கிடைக்காததால், அது எழுப்பிய மெய்நிகர் கணினிகள் மேகத்தில் அநாதைகளாக நின்று கட்டணத்தைக் கூட்டுகின்றன. ஆகவே துப்புரவைத் தனி நிரலாக வெளியிலிருந்து இயக்குவதும், முடிவுகளைக் கன்டெய்னருக்கு வெளியே உள்ள வட்டில் எழுதுவதும் நடைமுறையாக வேண்டும்.

கருவி மாறாது என்பதையே ஆதாயமாகக் கொண்டு இன்னும் ஒரு படி மேலே செல்லலாம். ஒரே படிமத்தை மேகத்தின் நிர்வாக வலையிலிருந்து ஒருமுறையும், மேகத்திற்குள் உள்ள ஒரு மெய்நிகர் கணினியிலிருந்து ஒருமுறையும், மக்கள் பயன்படுத்தும் சாதாரண இணைய இணைப்பிலிருந்து ஒருமுறையும் இயக்கி, ஒவ்வொரு முடிவோடும் அப்போதைய முகவரி, வழித்தடம், பொட்டல அளவு ஆகியவற்றையும் பதிந்து வைத்தால், மூன்று முடிவுகளும் ஒத்துப்போகாத இடத்தில் தேடல் தொடங்கலாம். நிர்வாக வலையில் தேறி இணைய இணைப்பில் மட்டும் தோற்றால், நோவாவையும் சிண்டரையும் பிரித்துப் பார்ப்பதற்கு முன் தீயரணின் விதிகளைப் படிக்க வேண்டும்.