மலையேறி வந்த அமேசன் மீன்

ஆசையாக வாங்கி வந்த அரோவானாக் குட்டி எதையும் தொடமாட்டேன் என்கிறது. போட்ட இறால் துண்டு அடியில் கிடக்கிறது. மிதக்கும் தீனி ஊறிக் கரைகிறது. வீட்டில் எல்லோரும் தீனியைத்தான் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்ப்பார்கள். ஹட்டனிலோ நுவரெலியாவிலோ இருக்கும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது வேறு. தீனி டப்பாவை மூடிவிட்டு, முதலில் தொட்டிக்குள் ஒரு வெப்பமானியை வையுங்கள்.

கடைகளில் அதிகம் கிடைப்பது வெள்ளி அரோவானா. அதன் சொந்த ஊர் தென் அமெரிக்காவின் அமேசன் ஆற்றுப் பக்கம். அங்கே வருடம் முழுவதும் தண்ணீர் வெதுவெதுப்பாகவே இருக்கும். தொட்டியில் வளர்க்கும்போதும் 26 முதல் 30 பாகை செல்சியஸ் வரை வைத்திருப்பது நல்லது. கொழும்பில் இதற்குப் பெரிய முயற்சி தேவையில்லை. மலையில் அப்படி இல்லை. 1,000 மீற்றர் மேலே ஏறினால் காற்றின் வெப்பநிலை ஏறக்குறைய 6.5 பாகை குறையும். ஹட்டன் கடல் மட்டத்திலிருந்து சுமார் 1,270 மீற்றர் உயரம், நுவரெலியா சுமார் 1,870 மீற்றர். கொழும்புக்கு 28 பாகை என்று வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பாருங்கள். நுவரெலியாவுக்கு 16 வரும். அங்குள்ள சராசரி வெப்பநிலையும் அதை ஒட்டியதுதான். துகள்பனி விழுந்து தேயிலைக் கொழுந்து கருகிப்போகும் ஜனவரி விடியற்காலைகளில் இன்னும் மோசம்.

நமக்குக் குளிர்ந்தால் உடம்பு உள்ளேயே சூட்டை உண்டாக்கும், நடுங்கியாவது உண்டாக்கும். அரோவானா குளிர்குருதி விலங்கு. தண்ணீர் 18 பாகை என்றால் அதன் வயிறும் குடலும் கிட்டத்தட்ட 18 பாகைதான். உணவைச் செரிக்க வைக்கும் நொதியங்களுக்கு வேலை செய்யச் சூடு வேண்டும். வெப்பநிலை 10 பாகை குறைந்தால் உடலுக்குள் நடக்கும் இரசாயன வேலைகளின் வேகம் பாதியளவுக்கோ அதற்கும் கீழேயோ இறங்கிவிடும். செரிக்க முடியாத வயிற்றுக்குப் பசி வராது. அந்த நேரத்தில் மீன் வாயை மூடிக்கொண்டிருப்பது அடம் இல்லை, தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும் வழி.

இதே குளிர்த் தண்ணீரில் உல்லாசமாக வாழும் மீனும் இங்கே உண்டு. 1880களில் பிரிட்டிஷார் நுவரெலியாப் பக்கத்து ஓடைகளில் டிரவுட் மீனைக் கொண்டுவந்து விட்டார்கள். குளிர்நாட்டு மீனான அதற்கு நம் மலை ஓடை ஒத்துப்போனது. கொழும்புத் தொட்டியில் போட்டிருந்தால் அது தவித்துப்போயிருக்கும்.

சரி, தொட்டியைச் சூடாக்க வேண்டும். சுடுதண்ணீரை மட்டும் ஊற்றிவிடாதீர்கள். வெப்பநிலை சட்டென்று மாறினால் குட்டி செத்தே போகலாம். தானாக நின்று தானாக எரியும் மீன்தொட்டி ஹீட்டரைப் பெரியவர்களைக் கொண்டு பொருத்தச் சொல்லுங்கள். சில மணி நேரத்துக்கு ஒரு பாகை என்று மெல்ல ஏற்றினால் போதும். தொட்டிக்குள் கை விடுவதற்கு முன்னால் பிளக்கைக் கழற்றியே ஆக வேண்டும். பின்பக்கத்திலும் பக்கவாட்டிலும் ரெஜிபோம் அட்டை ஒட்டினால் சூடு எளிதில் வெளியேறாது, குட்டிக்கு மறைவும் கிடைக்கும். இரவில் கரண்ட் போனால் கம்பளியைப் போர்த்திவிடலாம். மூடியும் கட்டாயம் வேண்டும். அமேசனில் வெள்ளம் காட்டுக்குள் ஏறும் காலத்தில், தண்ணீருக்கு மேலே நீண்டிருக்கும் கிளையில் இருக்கும் வண்டையும் சிலந்தியையும் எம்பிப் பிடிக்கிற மீன் இது. பயந்தாலும் எம்பும். மூடியில்லாத தொட்டியிலிருந்து தரையில் விழுந்து செத்த அரோவானாக்கள் ஏராளம்.

சூடு சரியாக இருந்தும் சாப்பிடவில்லையா? அப்படியானால் பயமாக இருக்கலாம். பொலித்தீன் பைக்குள் அடைபட்டு, பஸ்ஸில் வளைவு வளைவாக ஏறி வந்த குட்டி அது. பயந்த மீனின் உடலில் கோர்ட்டிசோல் என்ற ஓமோன் கூடும். அது கூடியிருக்கும்வரை பசி அடங்கியே இருக்கும். போதாததற்கு, மீனின் பக்கவாட்டில் தலையிலிருந்து வால்வரை ஓடும் பக்கக்கோடு தண்ணீரின் சின்ன அதிர்வையும் உணரும். கண்ணாடியில் நீங்கள் விரலால் தட்டுவது அதன் உடம்பு முழுக்கத் தெரியும். விளக்கை மங்கலாக்கி, தனியாக விட்டுவிடுங்கள். புது இடத்துக்கு வந்த அரோவானா சில நாள் பட்டினி கிடப்பது வழக்கம்தான்.

குட்டியின் வயிற்றைக் கிட்டப் போய்ப் பாருங்கள். செம்மஞ்சள் நிறத்தில் ஒரு பை தொங்கினால் கவலையே வேண்டாம். அது மஞ்சள் கருப் பை, முட்டையிலிருந்து கொண்டுவந்த சாப்பாடு. அது தீரும்வரை குட்டிக்கு வேறு தீனி தேவையில்லை. காட்டில் இந்த வயதுக் குட்டிகள் அப்பாவின் வாய்க்குள் இருக்கும். ஆண் அரோவானா முட்டைகளையும் குஞ்சுகளையும் வாரக்கணக்கில் வாயிலேயே சுமந்து காக்கும். எனக்கு இந்த மீனை மிகவும் பிடித்துப்போனதே இதனால்தான்.

செவுள் மூடிகள் வேகவேகமாக அடித்துக்கொண்டு, குட்டி மேற்பரப்பில் வாயைத் திறந்து திறந்து மூடினால் தண்ணீரைச் சந்தேகியுங்கள். தின்னாத தீனி அழுகினால் அமோனியா உண்டாகும், அது செவுளை அரிக்கும். வடிகட்டியில் வாழும் நல்ல பக்டீரியாக்கள்தான் அமோனியாவை ஆபத்துக் குறைந்த பொருளாக மாற்றுபவை. குளிரில் அவையும் மந்தமாகிவிடும். ஆகவே மிச்சத் தீனியை உடனே எடுத்துவிட்டு, வாரம் ஒரு முறை தொட்டியில் நான்கில் ஒரு பங்குத் தண்ணீரை மாற்றுங்கள். குழாய்த் தண்ணீர் என்றால் குளோரின் போக ஒரு நாள் திறந்து வைக்க வேண்டும். தோட்டத்துப் பீலித் தண்ணீரில் குளோரின் இல்லை. பெரும்பாலும் மென்னீராகவும் இருக்கும், அமேசன் தண்ணீரும் அப்படித்தான். ஆனால் மேலே மலையில் மருந்து அடித்திருந்தால் அந்தப் பீலித் தண்ணீரை எடுக்கவே கூடாது. எந்தத் தண்ணீராக இருந்தாலும் தொட்டியின் சூட்டுக்குக் கொண்டுவந்த பிறகுதான் ஊற்ற வேண்டும். உடம்பில் வெள்ளைப் புள்ளியோ பஞ்சு போன்ற படலமோ தெரிந்தால் மிருக வைத்தியரிடம் கேளுங்கள்.

வாங்குவதற்கு முன்பே வீட்டில் இன்னொரு விஷயத்தையும் பேசிக்கொள்ளுங்கள். விரல் நீளத்தில் வரும் இந்தக் குட்டி 90 சென்ரிமீற்றர் வரை வளரக்கூடியது. இடம் போதவில்லை என்று காசல்ரீ, மவுசாக்கலை நீர்த்தேக்கங்களில் கொண்டுபோய் விடக் கூடாது. ‘டேங்க் கிளீனர்’ என்று விற்கப்பட்ட மீன்கள் இப்படி வெளியே போய் இலங்கையின் நீர்நிலைகளில் பெருகிவிட்டன.

தண்ணீர் சரியாகி, குட்டியும் மேற்பரப்பை ஒட்டி நிதானமாக நீந்தத் தொடங்கிவிட்டதா? இப்போது தீனியை எடுக்கலாம். அதன் வாய் மேல்நோக்கித் திறப்பது, கண்ணும் மேலேதான் பார்க்கும். அதனால் அடியில் மூழ்கும் தீனியை அது கவனிக்காமல் போகலாம். தாடையிலிருந்து முன்னால் நீளும் இரண்டு மீசைகளுக்கு எதிரே சின்ன வெட்டுக்கிளி ஒன்றை மிதக்க விடுங்கள். தேயிலைச் செடியில் பிடித்தது வேண்டாம், அதில் பூச்சிமருந்து இருக்கலாம். மருந்தே படாத வீட்டுத் தோட்டத்தில் பிடித்தது நல்லது. ஒன்றைப் பிடித்துத் தின்றால் அன்றைக்கு அது போதும். அடுத்ததை மறுநாள் போடுங்கள்.