தேகமும் தேசமும் – 9
முப்பது வயதில் ஒரு பள்ளம்

1928-ஆம் ஆண்டில் தொடங்கி, போருக்குப் பின் சில காலம் ஓய்ந்திருந்து, 1951-இல் மீண்டும் உயிர்பெற்ற ஜப்பானிய வானொலித் தேகப்பயிற்சி, இன்றும் காலை ஆறரை மணிக்கு ஒலிபரப்பாகி வருவதைச் சென்ற வாரம் கண்டோம். அந்தப் பியானோ இசைக்கு இசைவாகப் பூங்காக்களில் கைவீசி நிற்பவர்களைக் கவனித்தால், பெரும்பாலும் நரைத்த தலைகளே தென்படும். கோடை விடுமுறையாயின், வருகை அட்டையில் முத்திரை பெறுவதற்காகத் தூக்கக் கலக்கத்தோடு வந்து நிற்கும் சிறுவர் சிறுமியரும் இருப்பர். அச்சிறுவர்களின் தாய்மாரைத்தான் அங்கே காண்பது அரிது.

வாரத்தில் இரு நாளேனும், ஒவ்வொரு முறையும் அரை மணி நேரத்துக்குக் குறையாமல், ஓராண்டுக் காலமாவது விடாது பயிற்சி செய்து வருபவரையே பழக்கமுடையவர் என்று கொள்ளும் ஜப்பானிய அரசாங்கத்தின் 2019-ஆம் ஆண்டு ஆய்வில், வயதுவந்த ஆடவருள் 33.4 சதவிகிதத்தினரும் பெண்டிருள் 25.1 சதவிகிதத்தினருமே அக்கணக்கில் சேர்ந்தனர். எழுபதைக் கடந்த பெண்களில் மூவரில் ஒருவருக்கு மேல் இப்பழக்கம் இருந்தது. ஆடவருக்கு நாற்பதுகளில் இது 18.5 சதவிகிதமாகத் தாழ்ந்தது. பெண்களுக்கோ முப்பதுகளிலேயே 9.4 என்னும் பாதாளத்தில் விழுந்தது.

இதற்குச் சோம்பலைக் காரணமாகச் சொல்வது பெரும் அநியாயம் என்பேன். ஆறு வயதுக்குட்பட்ட குழந்தையுள்ள இல்லங்களில், வீட்டு வேலைக்கும் சிசு பராமரிப்புக்குமாக மனைவி நாளொன்றுக்கு 7 மணி 28 நிமிடமும், கணவர் 1 மணி 54 நிமிடமும் செலவிடுவதாக 2021-ஆம் ஆண்டின் அரசாங்கக் கணக்கு கூறுகிறது. எழுபது வயதில் வாய்க்கின்ற அவகாசம் முப்பது வயதில் எங்கிருந்து வரும்?

இந்த நெருக்கடி இன்று நேற்று வந்ததன்று. 1964-ஆம் ஆண்டு டோக்கியோ ஒலிம்பிக்கில் சோவியத் அணியை வென்று தங்கம் பெற்ற ஜப்பானியப் பெண்கள் கைப்பந்து அணியினரில் பெரும்பாலோர், ஒசாகாவை அடுத்த கைசுகா நூற்பாலையின் ஊழியர்கள். பகலில் காரியாலய வேலை முடித்து, நள்ளிரவுவரை பயிற்சி செய்தவர்கள். அணித்தலைவி கசாய் மசாயேவுக்கு அப்போது வயது 31. அதற்குப் பின் அவர் ஆட்டத்திலிருந்து விலகினார்; அவருக்கு வரன் காட்டி விவாகம் செய்துவைக்கப் பிரதம மந்திரி சாத்தோவே முன்வந்தார் என்றால், அவ்வயதுப் பெண்ணின் இடம் எதுவென்று அச்சமூகம் எவ்வளவு திண்ணமாகக் கருதியது என்பது விளங்கும்.

ஆனால் அந்த வெற்றியின் எழுச்சி வீணாகவில்லை. பள்ளிப் பெற்றோர் சங்கங்களை ஒட்டி, ஒன்பதின்மர் ஆடும் தாய்மார் கைப்பந்துக் குழுக்கள் ஊர்தோறும் பெருகி, 1970-இல் தேசியப் போட்டியே ஆரம்பமாயிற்று. பெண்கள் ஏற்கனவே கூடும் பள்ளிக்கூடத்தையே இந்த இயக்கம் தேடிச் சென்றது. வீட்டைத் துறந்து வேறெங்கோ வரும்படி அவர்களை அது அழைக்கவில்லை. அதன் பலம் முழுவதும் இதில் அடங்கியிருந்ததாகவே எனக்குத் தோன்றுகிறது. விவாகத்துக்குப் பின் கசாயும் அத்தகைய குழுக்களுக்குப் பயிற்சி அளித்து வந்தார்.

(தொடரும்)