காய்ச்சல் வேறு, வேலி வேறு

"ஏசினவளுக்கும் நல்லது செய்யவேணுமோ அக்கா?" கணவரை இழந்த சகோதரிகளின் ஜெபக்கூட்டங்களில் இந்தக் கேள்வி என்னிடம் பலமுறை வந்திருக்கிறது. ராசியில்லாதவள் என்று முகத்தைத் திருப்பும் உறவினர், காணாமற்போன மகனைப் பற்றி விசாரிக்கப் போனால் எடுத்தெறிந்து பேசும் அதிகாரி என்று அவர்கள் பட்டது கொஞ்சமல்ல. "மன்னித்துவிடுங்கோ" என்று ஒரு சொல்லில் முடித்துவிட எனக்கு மனம் வருவதில்லை. அப்போஸ்தலர் நடபடிகள் 16ஆம் அதிகாரத்தைத் திறந்து வாசிப்போம்.

பிலிப்பி பட்டணத்தில் பவுலும் சீலாவும் விசாரணையின்றிப் பலர் முன்னிலையில் அடிக்கப்பட்டார்கள். சிறைச்சாலைக்காரன் அவர்களை உட்காவலில் அடைத்து, கால்களைத் தொழுமரத்தில் மாட்டினான். நள்ளிரவில் பூமி அதிர்ந்து கதவுகள் திறந்தன. கைதிகள் தப்பினால் காவலனுக்கே தண்டனை. எல்லோரும் ஓடிவிட்டார்கள் என்று நினைத்து அவன் வாளை உருவித் தன்னை மாய்க்கப் போனான்.

அந்த இருட்டில் பவுல் பேசாமல் இருந்திருந்தாலே போதும், பழி தானாகத் தீர்ந்திருக்கும். ஆனால் அவர், நாங்கள் எல்லோரும் உள்ளேதான் இருக்கிறோம் என்று உரத்துக் கூப்பிட்டார். அவன் அதுவரை மன்னிப்புக் கேட்கவில்லை. பவுலின் முதுகும் எரிந்துகொண்டுதான் இருந்திருக்கும். மனம் ஆறட்டும் என்று காத்திருந்தால் அந்த மனிதன் செத்திருப்பான். அன்றிரவே அவன் அவர்களுடைய காயங்களைக் கழுவி, வீட்டுக்குக் கூட்டிப்போய்ச் சாப்பாடு கொடுத்தான்.

பிரசங்கங்கள் பெரும்பாலும் இவ்விடத்தில் நின்றுவிடுகின்றன. எனக்கு அதில் சிறு மனக்குறை உண்டு. விடிந்ததும் அதிகாரிகள், அவர்களை விட்டுவிடுங்கள் என்று ஆளனுப்பினார்கள். பவுல் போக மறுத்தார். ரோமக் குடியுரிமை உள்ள எங்களை வெளியரங்கமாக அடித்துவிட்டு இரகசியமாக அனுப்புவதா, அவர்களே வந்து கூட்டிப்போகட்டும் என்றார். அவர்கள் பயந்து, நேரில் வந்து கெஞ்சி வெளியே அழைத்துப்போனார்கள். காவலனின் உயிரைக் காத்தவரும், அநியாயத்தை மூடிவிட இடங்கொடாதவரும் ஒரே பவுல்தான்.

எங்கள் கூட்டத்துச் சகோதரி ஒருத்திக்கு எல்லைவேலிப் பிரச்சினை. பக்கத்து வீட்டுக்காரி கேட்கக்கூடாத சொல்லெல்லாம் சொல்லி ஏசியிருந்தாள். பிறகு ஒருநாள் இரவு அவளுடைய பிள்ளைக்குக் கடும் காய்ச்சல். இவள் கொத்தமல்லி அவித்துப் போத்தலில் கொண்டுபோய்க் கொடுத்து, ஆஸ்பத்திரிக்கு ஓட்டோவும் பிடித்துவிட்டாள். இணக்கசபையில் கொடுத்த முறைப்பாட்டை மட்டும் அவள் திரும்ப எடுக்கவில்லை. "காய்ச்சல் வேறை, வேலி வேறை அக்கா" என்றாள்.

பக்கத்து வீட்டுக்காரி இன்னும் கதைப்பதில்லை. போத்தலை மட்டும் கழுவிப் படலையடியில் வைத்திருந்தாளாம்.