அந்தப் படுக்கை காலியாகவே இருக்கட்டும்

தெற்கு ஸ்வீடனின் ஸ்கோனே மாகாணத்தில், தன்னைத்தானே காயப்படுத்திக்கொள்ளும் நிலைக்கு அடிக்கடி தள்ளப்படுகிற நோயாளிகள் சிலர், மனநல வார்டுக்கு போன் செய்து ‘இன்று வருகிறேன்’ என்று சொன்னால் போதும். டாக்டர் பார்த்து முடிவெடுக்க வேண்டியதில்லை. ஒரு தடவைக்கு அதிகபட்சம் 3 நாள், மாதத்துக்கு 3 தடவை. நர்ஸ்கள்தான் பார்த்துக்கொள்கிறார்கள். மாத்திரைகளை நோயாளியே கொண்டுவந்து போட்டுக்கொள்கிறார்.

மனம் ஓரளவு தெளிவாக இருக்கும் நாளிலேயே இதற்கு ஒப்பந்தம் எழுதிவிடுகிறார்கள். வந்ததும் யாராவது பேச வேண்டுமா, தனியே விட வேண்டுமா, எது பதற்றத்தைத் தணிக்கும் என எல்லாம் அதில் இருக்கும். நார்வேயில் மனச்சிதைவு நோயாளிகளுக்கும் இப்படியொரு வழி உண்டு.

வழக்கமான முறையில் என்ன நடக்கிறது? நள்ளிரவில் அவசரப் பிரிவுக்கு ஓடிவந்தவரை, ‘அட்மிட் பண்ணுகிற அளவுக்கு இல்லையே’ என்று திருப்பி அனுப்புகிறோம். அடுத்த தடவை அவர் கையை அறுத்துக்கொண்டு வருகிறார், உடனே சேர்த்துக்கொள்கிறோம். காயத்தைக் காட்டினால்தான் கதவு திறக்கும் என்பதை அவருக்குக் கற்றுக்கொடுத்தது யார்? உதவி கேட்க வாய்ச்சொல்லே போதும் என்ற நிலை வந்தால், ரத்தம் காட்ட வேண்டிய அவசியம் இருக்காது. இந்தத் திட்டத்தை நான் முழு மனதோடு ஆதரிப்பது இதற்காகத்தான்.

125 பேரைக் கொண்டு ஸ்கோனேயில் நடந்த ஆய்வு 2019-ல் வெளியானது. இந்த வசதி பெற்றவர்கள் மருத்துவமனையில் தங்கும் நாட்கள், அது இல்லாதவர்களைவிடக் குறைந்துவிடவில்லை. ஆனால் அன்றாட வேலைகளைச் செய்வதில் முன்னேற்றம் தெரிந்தது. டென்மார்க்கில் இதேபோன்ற திட்டத்தில் தங்கும் நாட்கள் கூடின, கட்டாய சிகிச்சையும் குறையவில்லை என்று விமர்சகர்கள் சொல்கிறார்கள். சொல்லட்டும்.

என் கவலை வேறு. போன் வரும் நேரத்தில் படுக்கை இல்லையென்றால் ஒப்பந்தம் வெறும் காகிதம். ஐரோப்பாவிலேயே மருத்துவமனைப் படுக்கைகள் மிகக் குறைவான நாடுகளில் ஒன்று ஸ்வீடன். 1,000 பேருக்குச் சுமார் 2தான். இவர்களுக்கென்று ஒரு படுக்கையைக் காலியாக ஒதுக்கிவைத்தாலும், கணக்குப் பார்க்கிறவர் கண்ணுக்கு அது நஷ்டமாகவே படும். நெரிசலான இரவில் ‘இன்றைக்கு மட்டும்’ என்று வேறொருவரை அதில் படுக்க வைப்பார்கள். மறுநாளும் அந்த ‘இன்றைக்கு மட்டும்’ தொடரும். தைரியத்தைத் திரட்டி போன் செய்தவருக்கு ‘இடமில்லை’ என்று ஒரே ஒருமுறை பதில் சொன்னாலும், அவர் இன்னொரு முறை அழைப்பாரா?

ஒப்பந்தத்தில் நோயாளி கையெழுத்திடுவதைப் போலவே, வார்டு எவ்வளவு நிரம்பி வழிந்தாலும் அந்தப் படுக்கையை வேறு யாருக்கும் கொடுக்க மாட்டோம் என்று மருத்துவமனையும் எழுதிக் கையெழுத்திட வேண்டும்.