கூச்சலிலிருந்து சுருதிக்கு



இன்று ஓர் இசைக்குழுவைப் பற்றிப் பேசப் போகிறேன். இலக்கிய நிகழ்ச்சியில் றொக் இசைக்கு என்ன வேலை என்று சிலர் கேட்கக்கூடும். கைதட்டல் வாங்கித்தந்த பாதையை விட்டு ஒரு கலைஞன் விலகலாமா என்பது எழுதுகிறவர்களுக்கும் உரிய கேள்விதானே?

மடுல்சீமையில் நான் சிறுவனாக இருந்த காலத்தில் எங்கள் லயத்துக்கே ஒரு றேடியோதான். பதுளையில் கடையொன்றில் வேலை பார்த்த அண்ணன், சம்பளத்தில் மிச்சம் பிடித்து வாங்கிய டிரான்சிஸ்டர் அது. பனி மூடிய ஓரிரவு அதில் விசித்திரமான ஆங்கிலப் பாட்டொன்று வந்தது. மாரியம்மன் கோவில் பஜனையில் சுருதிப்பெட்டி போடுகிற என் தந்தையார் சற்று நேரம் காதுகொடுத்துக் கேட்டார்.

"சுருதி சேர்த்துக்கிட்டே இருக்கானுங்களே, பாட்டை எப்பத்தான் தொடங்குவானுங்க?" என்றார்.

நாங்கள் சிரித்தோம். அவர் சரியான இடத்தைத்தான் தொட்டிருந்தார் என்பது பல ஆண்டுகள் கழித்தே எனக்கு விளங்கியது.

அந்தப் பாட்டு பீட்டில்ஸ் குழுவினருடையது. லிவர்பூல் நகரத்து இளைஞர்களான ஜோன் லெனன், போல் மக்கார்ட்னி, ஜோர்ஜ் ஹரிசன், ரிங்கோ ஸ்டார் ஆகிய நால்வரும் சின்னச் சின்னக் காதற் பாட்டுகளால் உலகத்து இளைஞர்களை ஆட்டிவைத்தவர்கள். 1965 ஓகஸ்ட் 15ஆம் திகதி நியூயோர்க்கின் ஷே அரங்கில் 55,000க்கும் மேற்பட்டோர் அவர்களைக் காணத் திரண்டனர். அந்தக் கூச்சலில் அவர்கள் வாசித்தது அவர்களுக்கே கேட்கவில்லை. புகழின் உச்சியில் இசை காணாமற் போயிருந்தது.

1966 ஏப்ரல் 6ஆம் திகதி, லண்டன் அபே வீதியிலுள்ள இ.எம்.ஐ. கலையகத்தில் 'டுமாரோ நெவர் நோஸ்' என்ற பாட்டின் ஒலிப்பதிவு தொடங்கியது. அதன் அடியில் தம்புரா ரீங்காரம். பாட்டு ஏறக்குறைய முழுவதும் ஒரே சுருதியில் நிற்கிறது. தாங்கள் வீட்டில் தயாரித்த ஒலிநாடா வளையங்களை அவர்கள் கொண்டுவந்தார்கள். கட்டடத்தின் பல அறைகளிலுமிருந்த இயந்திரங்களில் அவை ஒரே நேரத்தில் சுழல, தொழில்நுட்பவியலாளர்கள் பென்சிலால் நாடாவை இழுத்துப் பிடித்துக்கொண்டு நின்றார்கள். கடற்பறவைகள் கத்துவதுபோல் கேட்பது உண்மையில் வேகம் கூட்டப்பட்ட மனிதக் குரல். மலையுச்சியிலிருந்து தலாய் லாமா ஓதுவதுபோல் தன் குரல் ஒலிக்க வேண்டும் என்றார் லெனன். 20 வயதே நிரம்பிய ஒலிப்பதிவாளர் ஜெஃப் எமெரிக், ஓர்கன் வாத்தியத்தின் சுழலும் ஒலிபெருக்கி வழியாக அக்குரலைச் செலுத்தினார்.

இவ்வகை இசையை 'சைக்கடெலிக்' என்பர். மனத்தை வெளிப்படுத்துவது என்பது அந்தக் கிரேக்க வேர்களின் பொருள். எல்.எஸ்.டி. என்ற போதைப்பொருளை அவர்கள் பயன்படுத்தியது உண்மை. அதை மறைக்கவும் வேண்டாம், போற்றவும் வேண்டாம். ஆனால் போதை ஒலிநாடாவை வெட்டி ஒட்டாது; அதற்கு விழித்திருக்கும் கையும் காதும் வேண்டும். ஹரிசன் அந்த ஆண்டிலேயே ரவிசங்கரிடம் சித்தார் பயில உட்கார்ந்ததும் அத்தகைய விழிப்பின் அடையாளம்தான்.

அவ்வாண்டு ஓகஸ்டில் அப்பாட்டு அடங்கிய 'ரிவோல்வர்' இசைத்தட்டு வெளியானது. அதே மாதம் 29ஆம் திகதி சான் பிரான்சிஸ்கோவில் நடந்த கச்சேரியில் அத்தட்டின் ஒரு பாட்டைக்கூட அவர்கள் பாடவில்லை. கூச்சலுக்கு நடுவே பாடக்கூடிய பாட்டுகள் அல்ல அவை. சுற்றுப்பயணக் கச்சேரிகளை அத்துடன் நிறுத்திக்கொண்டு, 1967இல் 'சார்ஜன்ட் பெப்பர்' இசைத்தட்டைத் தந்தார்கள். கத்துகிறவர்களை விட்டுவிட்டுக் கேட்கிறவர்களைத் தேடிப் போனார்கள் என்றே நான் இதைப் புரிந்துகொள்கிறேன்.

அவர்களுக்குப் புதுமையாக இருந்த தம்புரா நமக்குப் பழகிய அடித்தளம். காமன் கூத்தில் விடிய விடிய ஒரே நடையில் தப்பு முழங்க, ஆடுகிறவன் தன்னை மறப்பதை எந்தத் தோட்டத்துப் பிள்ளையும் பார்த்திருக்கும். ஆகவே தந்தையாருக்குப் பாட்டு தொடங்காதது போலிருந்ததில் வியப்பில்லை. நமக்குப் பாட்டின் முன்வாசல், அவர்களுக்கு வீடாகவே ஆகியிருந்தது.

இதை ஏன் சொல்கிறேன்? என் கதையொன்று முன்னொரு காலத்தில் மேடையில் கைதட்டல் பெற்றது. ஒழுகும் லயக் காம்பிரா, அட்டைக்கடி, கங்காணியின் அதட்டல் எல்லாம் அதில் இருந்தன. பொய் ஒன்றுமில்லை. ஆனால் பிறகு நான் அதையே பத்துத் தடவை எழுதினேன், பெயர்களை மட்டும் மாற்றி. கைதட்டல் குறையவில்லை, என் குரல்தான் எனக்குக் கேட்காமற் போயிற்று.

பதினோராவது கதையைத் தந்தையாரின் சுருதிப்பெட்டியைப் பற்றி எழுதினேன். கூட்டத்தில் வாசித்தபோது எவரும் கைதட்டவில்லை. பின்வரிசையிலிருந்த முதியவர் ஒருவர் மட்டும் எழுந்து வந்து, "இன்னொரு முறை வாசிங்க தம்பி" என்றார்.

வாசித்தேன்.