அமானிதம் காப்போம்: சமுதாயக் கூடங்களில் சிறாரும் நலிந்தோரும்

அமானிதம் என்னும் சொல் தமிழ் முஸ்லிம்களின் நாவில் நெடுங்காலமாக வழங்கி வருவதாகும். பயணம் புறப்படுவோர் தம் நகையையும் பணத்தையும் நம்பிக்கைக்குரிய ஒருவரிடம் ஒப்படைத்துச் செல்வர். அவர் அதனைத் தம் பொருளினும் மேலாகக் காத்து, கேட்கும் நாளில் குறையாது திருப்பித் தருவார். அவ்வாறு ஒப்படைக்கப்படுவதே அமானிதம். எனினும், பொன்னினும் பொருளினும் உயர்ந்த அமானிதம் ஒன்று உண்டு. மஃரிபுத் தொழுகைக்குப் பின் குர்ஆன் ஓத வரும் ஏழு வயதுப் பிள்ளை, உதவித்தொகை நாடி வரும் கைம்பெண், தன் துன்பத்தைச் சொல்லத் தெரியாத மனநோயாளி ஆகியோரும் நம்மிடம் ஒப்படைக்கப்பட்டோரே ஆவர். இந்த உயிருள்ள அமானிதங்களை நாம் எவ்வாறு காக்கின்றோம் என்பதை ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

இன்று பள்ளிவாசலை ஒட்டி எழுந்துள்ள சமுதாயக் கூடங்கள் திருமணத்திற்கு மட்டும் உரியவையாக இல்லை. காலையில் மக்தபும், மாலையில் இலவசப் பாட வகுப்பும், விடுமுறையில் கணினிப் பயிற்சியும், பெண்களுக்குத் தையல் வகுப்பும், இடையிடையே மருத்துவ முகாமும் அங்கு நடைபெறுகின்றன. ரமளானில் நோன்புக் கஞ்சிக்காகப் பிள்ளைகள் பாத்திரமேந்தி வரிசையில் நிற்பதும் அங்கேதான். நாட்டு நலப்பணித் திட்டத்தின்கீழ் நம் கல்லூரி மாணவர்கள் பாடம் சொல்லிக் கொடுக்கச் செல்வதும் இத்தகைய கூடங்களுக்கே. ஆகவே இப்பொருள் முத்தவல்லிக்கு மட்டுமன்றி, ஆசிரியர்க்கும் மாணவர்க்கும் உரியதாகும்.

நலிந்தோர் யாவர்?

பதினெட்டு வயது நிறையாத அனைவரும் சட்டத்தின் பார்வையில் குழந்தைகளே. வயது வந்தோரிலும் தம்மைத் தாமே காத்துக்கொள்ள இயலாதோர் உளர். மனநோயுற்றோர், அறிவுத்திறன் குறைபாடுடையோர், பார்வையும் செவித்திறனும் இழந்தோர், மறதிநோய்க்கு ஆளான முதியோர் ஆகியோர் இவ்வகையினர். இவர்களேயன்றி, சூழ்நிலையால் நலிந்தோரும் உண்டு. ஜகாத் உதவி கேட்டு வரும் பெண், அதனை வழங்கும் நிலையில் உள்ளவரின் சொல்லை மறுக்க அஞ்சுவாள். ஒருவர் கொடுப்பவராகவும் மற்றவர் பெறுபவராகவும் நிற்குமிடத்தில் பெறுபவர் வாய் எளிதில் திறப்பதில்லை. இதனை உணர்வதே காப்பின் தொடக்கமாகும்.

ஏர்வாடி கற்பித்த பாடம்

2001-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 6-ஆம் நாள் அதிகாலை, இராமநாதபுரம் மாவட்டம் ஏர்வாடியில் தனியார் நடத்திய மனநலக் காப்பகம் ஒன்றின் கூரைக் கொட்டகையில் தீப்பற்றியது. அங்கிருந்தோர் சங்கிலியால் பிணைக்கப்பட்டிருந்தமையால் ஓடித் தப்ப இயலவில்லை. 28 பேர் உயிரிழந்தனர். தர்காவின் ஆன்மிகச் சிறப்பை நம்பிச் சமய வேறுபாடின்றி மக்கள் தம் உறவினரை அழைத்துவந்த ஊர் அது. அவ்வாறு வந்தோரை வைத்துப் பராமரிக்கத் தனியார் பலர் சுற்றுப்புறத்தில் காப்பகங்களை ஏற்படுத்தியிருந்தனர். 1987-ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் இத்தகைய இல்லங்கள் உரிமம் பெறவேண்டுமென விதித்திருந்தும் அது செயல்வடிவம் பெறவில்லை. துயரம் நிகழ்ந்த பின்னரே உச்சநீதிமன்றம் தானாக முன்வந்து வழக்கை எடுத்துக்கொண்டது. காப்பகங்கள் மூடப்பெற்று, 500-க்கும் மேற்பட்டோர் அரசின் பொறுப்பில் கொண்டுவரப்பட்டனர்.

இந்நிகழ்ச்சியில் நாம் ஊன்றி நோக்கவேண்டியது ஒன்றுண்டு. உறவினர் நம்பினர், ஊரார் கண்டும் வழக்கமென எண்ணினர், சங்கிலியே பாதுகாப்பு எனக் கருதப்பட்டது. நம்பிக்கை இருந்தது, மேற்பார்வை இல்லை. 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் எவரையும் எவ்வகையிலும் சங்கிலியிடுதலை அறவே தடைசெய்துள்ளது. துஆ கேட்பதற்கும் மருந்து உண்பதற்கும் பகையில்லை என்ற தெளிவும் நம் மக்களிடையே இன்று வளர்ந்து வருகின்றது.

நம்பிக்கையும் விதிமுறையும்

“எங்கள் உஸ்தாத் தங்கமானவர்; அவரைப் போய் ஐயுறுவதா?” என வினவுவோர் உளர். வினா நியாயமானதே. ஆயின் விதிமுறை என்பது ஐயத்தின் அடையாளமன்று. கடன் கொடுக்கல் வாங்கலை எழுதிவைக்கவும் சாட்சிகளை ஏற்படுத்தவும் திருமறை பணிக்கின்றது. உற்ற நண்பர்க்குக் கொடுத்தாலும் எழுதுகின்றோம். அதனால் நட்புக்கு இழுக்கு நேர்வதில்லை. சில்லறைப் பணத்திற்கே எழுத்தும் சாட்சியும் வேண்டுமெனில், பெற்ற பிள்ளைக்கு வேண்டாவோ?

நடுவண் அரசின் மகளிர் மற்றும் குழந்தைகள் மேம்பாட்டு அமைச்சகம் 2007-ஆம் ஆண்டு வெளியிட்ட ஆய்வறிக்கை நம் கண்களைத் திறப்பதாகும். 13 மாநிலங்களில் 12,447 குழந்தைகளிடம் நடத்தப்பெற்ற அவ்வாய்வில் 53.22 விழுக்காட்டினர் ஏதேனும் ஒருவகைப் பாலியல் தீங்குக்கு ஆளானதாகக் கூறினர். அவர்களுள் பாதிக்குச் சற்று மேற்பட்டோர் ஆண்பிள்ளைகள். தீங்கிழைத்தோரில் ஏறத்தாழச் செம்பாதியினர் குழந்தைக்கு அறிமுகமானவர், நம்பிக்கைக்கு உரியவர். எனவே ‘அந்நியரிடம் பேசாதே’ என்று மட்டும் பிள்ளைக்குச் சொல்லி அமைதல் போதாது. ‘ஆண்பிள்ளைக்கு என்ன நேரும்?’ என்ற அலட்சியமும் தவறாகும்.

சட்டம் கூறுவது

பாலியல் குற்றங்களிலிருந்து குழந்தைகளைப் பாதுகாக்கும் சட்டம் 2012-ஆம் ஆண்டு நவம்பர் 14-ஆம் நாள் நடைமுறைக்கு வந்தது. போக்சோ என வழங்கும் இச்சட்டம், கல்வி நிறுவனத்திலோ சமய நிறுவனத்திலோ நிருவாகத்தினராக, பணியாளராக இருப்போர் அங்குள்ள குழந்தைக்கு இழைக்கும் குற்றத்தைக் கடுமை மிகுந்ததாகக் கருதுகின்றது. குற்றம் நிகழ்ந்ததை அறிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆகவேண்டும். தெரிவியாதவர்க்கு ஆறுமாதம் வரை சிறையோ, தண்டத்தொகையோ, இரண்டுமோ விதிக்கப்படலாம். தம்கீழ்ப் பணிபுரிபவரின் குற்றத்தை நிறுவனப் பொறுப்பாளர் மறைப்பின் ஓராண்டு வரை சிறையும் தண்டமும் உண்டு. நல்லெண்ணத்துடன் தகவல் தந்தவர்மீது வழக்குத் தொடர முடியாது. குழந்தையின் பெயரையும் அடையாளத்தையும் ஊடகங்கள் வெளியிடுதல் குற்றம். வாக்குமூலம் வாங்கும் காவலர் சீருடையில் இருத்தலாகாது. பிள்ளையை இரவில் காவல் நிலையத்தில் வைத்திருத்தலும் ஆகாது. ‘காவல் நிலையம் ஏறினால் மானம் போகும்’ என்று அஞ்சுவோர் இவ்விதிகளை அறிதல் நலம்.

2020-ஆம் ஆண்டின் போக்சோ விதிகள், குழந்தைகளோடு இடையறாது தொடர்புடைய நிறுவனங்கள் தம் பணியாளரின் பின்னணியைக் காவல்துறை வாயிலாக அவ்வப்போது சரிபார்க்க வேண்டுமென்கின்றன. யதீம்கானாக்கள் 2015-ஆம் ஆண்டின் இளைஞர் நீதிச் சட்டத்தின்கீழ்ப் பதிவு பெறுதல் வேண்டும். தமிழ்நாட்டு அநாதை இல்லங்களில் சிறார் துன்புறுத்தப்பட்டது குறித்து 2007-இல் தொடங்கிய வழக்கில், உச்சநீதிமன்றம் 2017-ஆம் ஆண்டு மே 5-ஆம் நாள் வழங்கிய தீர்ப்பும் இப்பதிவை வலியுறுத்தியது. அடித்தல் குறித்தும் ஒரு சொல். ‘கண்ணை மட்டும் விட்டுவிட்டுத் தோலை உரியுங்கள்’ என்று கூறிப் பெற்றோர் பிள்ளையை ஒப்படைத்த காலம் கடந்துவிட்டது. தம் பொறுப்பிலுள்ள குழந்தையைக் கொடுமைப்படுத்துவோர்க்கு இளைஞர் நீதிச் சட்டம் மூன்றாண்டு வரையிலும், பராமரிப்பு நிறுவனப் பணியாளர் அதனைச் செய்யின் ஐந்தாண்டு வரையிலும் சிறை விதிக்கின்றது.

கூடத்தில் கைக்கொள்ளத் தக்கவை

சட்டம் குற்றம் நிகழ்ந்தபின் வருவது. நிகழாமல் தடுப்பது நம் கையில் உள்ளது. அதற்குப் பெருஞ்செலவு வேண்டா; ஒழுங்கு போதும்.

எந்தப் பெரியவரும் எந்தப் பிள்ளையோடும் மூடிய அறையில் தனித்திருத்தல் கூடாது. வகுப்பறைக் கதவில் கண்ணாடி பதிக்கலாம். அல்லது கதவைத் திறந்தே வைக்கலாம். தனிப்பாடம் தேவைப்படின் பலர் காணும் கூடத்தில் நடத்தலாம். வகுப்பு முடிந்தபின் பிள்ளையை அழைத்துச் செல்ல உரியவர் யார் என்பதைச் சேர்க்கையின்போதே குறித்துக்கொள்ள வேண்டும். சாவிகள் யாரிடம் உள்ளன என்பதற்குப் பதிவேடு வேண்டும். ஆசிரியர் பிள்ளைக்குத் தனிப்பட்ட முறையில் கைப்பேசிச் செய்தி அனுப்புதலைத் தவிர்த்துப் பெற்றோர் வழியாகவே தொடர்புகொள்ள வேண்டும். தங்கிப் பயிலும் ஹிப்ழு மாணவர்க்கு வயதுவாரியாகத் தனித்தனிப் படுக்கையிடமும், வீட்டாரோடு பிறர் கேளாமல் பேசும் வாய்ப்பும் தரப்படல் வேண்டும். புதிதாக வரும் ஆசிரியரையும் தொண்டரையும் பற்றி அவர் முன்பு பணியாற்றிய இடத்தில் கேட்டறிந்து எழுதிவைத்தல் வேண்டும். இம்முறைகள் நல்லாசிரியரை வீண்பழியினின்றும் காக்கும் என்பதை மறத்தலாகாது.

உதவி நாடி வரும் பெண்களை விசாரிக்குமிடத்துப் பெண் ஒருவர் உடனிருத்தல் வேண்டும். அவர்கள் தையல் எந்திரம் பெறும் காட்சியைப் படமெடுத்துப் பதாகையில் அச்சிடும் வழக்கத்தை விடுதல் வேண்டும். வறுமையை விளம்பரம் செய்வதும் தீங்கே. முதியோரிடம் கைந்நாட்டுப் பெறுமுன், எழுதியுள்ளதை அவர்க்கு நெருங்கிய ஒருவர் முன்னிலையில் வாசித்துக் காட்டல் வேண்டும். பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நலச் சட்டம் 2007-இல் இயற்றப்பெற்றது. தம்மைப் பேணவேண்டும் என்ற நிபந்தனையோடு சொத்தை எழுதிக்கொடுத்த முதியவர் கைவிடப்பட்டால், அவ்வாவணம் செல்லாதென அறிவிக்க அது வழிசெய்கின்றது. இதனை எடுத்துக்கூற ஒருவர் கூடத்தில் இருப்பாராயின் பலர் கண்ணீர் துடைக்கப்படும்.

சிறாருக்கான 1098, முதியோர்க்கான 14567, மனநல ஆலோசனைக்கான 14416 ஆகிய தொலைபேசி எண்களைப் பிள்ளைகளும் படிக்கும் உயரத்தில் சுவரில் எழுதிவைத்தல் எளிது. முறையீட்டைக் கேட்க ஆண் ஒருவரும் பெண் ஒருவருமாக இருவரை நியமித்து, அவர்தம் பெயரையும் அதனருகே எழுதுதல் வேண்டும்.

பிள்ளை வாய் திறக்கும்போது

துன்புற்ற பிள்ளை நேரடியாகச் சொல்வது அரிது. ஓதப் போக மறுக்கும், காரணமின்றி அழும், வயிற்றுவலி என்னும். ஒருநாள் அரைகுறையாகச் சொல்லும். அப்போது கேட்பவர் பதறுதலும், ‘பொய் சொல்லாதே’ என்று அதட்டுதலும் அப்பிள்ளையின் வாயை என்றென்றைக்கும் அடைத்துவிடும். பொறுமையாகக் கேட்க வேண்டும். ‘நீ சொன்னது நல்லது, உன்மீது தவறில்லை’ என்று ஆறுதல் கூறவேண்டும். ‘யாரிடமும் சொல்லமாட்டேன்’ என்று வாக்குத் தரலாகாது. காக்க வல்லாரிடம் சொல்லியே ஆகவேண்டும். குறுக்கு விசாரணை செய்யாது, பிள்ளை கூறிய சொற்களையே நாள், நேரத்துடன் எழுதிவைத்து, அன்றே தகவல் தரவேண்டும். குற்றம் சாட்டப்பெற்றவரை எதிரில் நிறுத்திப் பிள்ளையைக் கேட்பது கொடுமையினும் கொடுமை.

மானமும் மௌனமும்

இவ்விடத்தே சமுதாயப் பெரியோர்க்கு ஒரு விண்ணப்பம். இத்தகைய செய்தி வரும்போது ஊர்மானம் கருதி அதனை ஜமாஅத்துக்குள்ளேயே முடித்துவிடும் எண்ணம் எழுதல் இயல்பு. பெற்றோரைச் சமாதானப்படுத்தி, அவ்வாசிரியரை ஓசையின்றி வெளியூருக்கு அனுப்பிவிடின் சிக்கல் தீர்ந்ததெனக் கருதுகின்றோம். தீர்ந்தது நம் ஊர்ச் சிக்கல்தான். அடுத்த ஊரின் பிள்ளைகள் அறியாமலே அதனை ஏற்கின்றனர்.

பிறர் குறையை மறைத்தல் நற்பண்பல்லவா, வெளியிடல் புறம்பேசுதல் ஆகாதா எனச் சிலர் மெய்யாகவே மயங்குகின்றனர். அவர்க்கு மார்க்க அறிஞரே விடை கூறியுள்ளனர். பதின்மூன்றாம் நூற்றாண்டில் வாழ்ந்த இமாம் நவவி அவர்கள் ‘ரியாளுஸ் ஸாலிஹீன்’ என்னும் நூலில், ஒருவர் குறையைச் சொல்ல அனுமதியுள்ள ஆறு சூழல்களை வகுத்துள்ளார்கள். அநீதிக்கு ஆளானவர் அதிகாரம் உடையாரிடம் முறையிடுவதை அவற்றுள் முதலாவதாக வைத்துள்ளார்கள். ஒருவரிடம் அமானிதம் ஒப்படைப்பது குறித்து நம்மிடம் ஆலோசனை கேட்கப்படின் அவர்தம் நிலையை மறைத்தலாகாது என்பதும் அவர்கள் விளக்கத்துள் அடங்கும். வேற்றூர் ஜமாஅத்தினர் ஓர் ஆசிரியரைப் பற்றி நம்மிடம் கேட்பது வேறென்ன? பிள்ளைகளாகிய அமானிதத்தை அவரிடம் ஒப்படைக்கலாமா என்றே கேட்கின்றனர். அங்கே நாம் காக்கும் மௌனம் மோசடியாகிவிடும்.

நிறைவாக

பள்ளிவாசலின் கணக்கை ஆண்டுதோறும் பொதுக்குழுவில் வாசிக்கின்றோம். ஒரு ரூபாய் குறையினும் எழுந்து கேட்கின்றோம். அக்கணக்கோடு இன்னொரு கணக்கையும் வாசிப்போமாக: இவ்வாண்டு நம் கூடத்திற்கு வந்த பிள்ளைகள் எத்தனை பேர்? அவர்களைப் பொறுப்பேற்றோர் யாவர்? அவர்தம் பின்னணி சரிபார்க்கப்பட்டதா? வந்த முறையீடுகள் எத்தனை? அவற்றுக்குச் செய்தது என்ன?

நம் மாணவர்கள் அடுத்த முறை கூடங்களுக்குப் பாடம் சொல்லச் செல்லும்போது, கரும்பலகைக்கு முன் நிற்குமுன்னர்க் கதவு திறந்திருக்கின்றதா எனப் பார்ப்பார்களாக. பெரியோர் மானத்தின் பொருளை மறுபடியும் எண்ணிப் பார்ப்பார்களாக. குற்றத்தை மறைத்த ஊரைக் காட்டிலும், குழந்தையின் பக்கம் நின்ற ஊரே மானமுள்ள ஊர். ஒப்படைக்கப்பட்டதைக் குறையாது திருப்பித் தருவதே அமானிதம். காலையில் சிரித்துக்கொண்டு வந்த பிள்ளை மாலையில் அதே சிரிப்போடு வீடு திரும்பினால், நாம் அதனைக் காத்தவராவோம்.