இரும்புத் தண்டு போட்டால் போதுமா?

பிள்ளைகளின் விளையாட்டுப் பொருள்கள் காலத்துக்குக் காலம் மாறி வருகின்றன. நுங்கு வண்டி உருட்டிய தலைமுறை ஒன்று. சாவி முடுக்கிய தகரக் காரைக் கண்டு மகிழ்ந்த தலைமுறை மற்றொன்று. இன்றைய சிறுவர் சிலர் கையில் ஒரு கட்டுப்பாட்டுப் பெட்டியை வைத்துக்கொண்டு, சற்றுத் தொலைவில் கல்லிலும் மேட்டிலும் ஊர்ந்தேறும் சின்னஞ்சிறு லாரியை இயக்குகின்றனர். 'ராக் கிராலர்' எனப்படும் பாறையேறும் வண்டி அது. உண்மையான வண்டியின் பத்தில் ஒரு பங்கு அளவில் அமைந்தது. ரேடியோ அலைகளின் ஆணைக்குக் கீழ்ப்படிவது. வேகமாக ஓடுவது அதன் பெருமையன்று. ஆள் நடக்கும் வேகத்திலும் குறைவாக ஊர்ந்து, கவிழாமல் பாறையைக் கடப்பதே அதன் பெருமை.

இத்தகைய வண்டியை வாங்கித் தந்த பெற்றோர் பலருக்குச் சில மாதங்களில் ஒரு விண்ணப்பம் வந்து சேரும். "அப்பா, ஷாப்ட் முறுக்கிக்கொண்டது. இரும்பு ஷாப்ட் போட்டால் முறியவே முறியாதாம். வாங்கித் தாருங்கள்!" என்று பிள்ளை கேட்பான். வாங்கித் தரலாமா? இக்கேள்விக்கு 'ஆம்' என்றோ 'இல்லை' என்றோ ஒரே சொல்லில் விடை கூறிவிட இயலாது. அந்தச் சிறு தண்டு செய்யும் பணியை முதலில் நாம் அறிந்துகொள்ள வேண்டும்.

லாரிக்கு அடியில் ஒரு தண்டு

மதுரையிலிருந்து திருநெல்வேலி செல்லும் தேசிய நெடுஞ்சாலை சாத்தூர் வழியாகச் செல்கிறது. அச்சாலையில் சரக்கேற்றிச் செல்லும் லாரிகளின் அடிப்புறத்தைக் கவனித்தவர்கள், முன்னாலிருந்து பின்னாலுள்ள அச்சு வரை நீளும் உருண்டைக் குழாய் ஒன்று சுழல்வதைக் கண்டிருப்பர். என்ஜினின் ஆற்றலைக் கியர்ப் பெட்டியிலிருந்து சக்கரங்களின் அச்சுக்குக் கொண்டு சேர்ப்பது அதுவே. பட்டறைக்காரர்கள் அதனைப் 'புரொப்பல்லர் ஷாப்ட்' என்பர். அதன் இரு முனைகளிலும் சிலுவை வடிவில் அமைந்த இணைப்பை, அவ்வடிவம் பற்றியே 'கிராஸ்' என்று அழைப்பர்.

சக்கரம் பள்ளத்தில் இறங்குகிறது, மேட்டில் ஏறுகிறது. அச்சும் அதனோடு சேர்ந்து தாழ்கிறது, உயர்கிறது. கியர்ப் பெட்டியோ சட்டத்தோடு பிணைக்கப்பட்டு அசையாமல் நிற்கிறது. ஆகவே இடையிலுள்ள தண்டு சுழன்றுகொண்டே வளைந்தும் கொடுக்க வேண்டும். நீண்டும் குறுகியும் கொடுக்க வேண்டும். வளைந்து கொடுக்கும் வேலையைக் கிராஸ் செய்கிறது. நீண்டு குறுகும் வேலையை, ஒன்றனுள் ஒன்று வழுக்கிச் செல்லும் பல்வரிசைக் குழாய் செய்கிறது.

இந்த இணைப்பின் வரலாறு நெடியது. 16ஆம் நூற்றாண்டில் இத்தாலியில் வாழ்ந்த கணித அறிஞர் கார்டானோவின் பெயராலும், 17ஆம் நூற்றாண்டில் அதன் இயக்கத்தை ஆராய்ந்த ஆங்கில அறிவியலறிஞர் ராபர்ட் ஹூக்கின் பெயராலும் அது வழங்கப்படுகிறது. மோட்டார் வண்டிகளுக்கு ஏற்ற வகையில் அதனை அமைத்துக் கிளாரன்ஸ் ஸ்பைசர் என்ற அமெரிக்கர் 1903இல் காப்புரிமை பெற்றார். ரேடியோ அலையால் பொம்மை ஒன்றை இயக்கும் வித்தையும் புதிதன்று. 1898இல் நியூயார்க் நகரில் நிக்கோலா டெஸ்லா ஒரு சிறு படகைக் கம்பியின்றி இயக்கிக் காட்டினார். இவ்விரண்டு பழைய அறிவுகளின் பேரப்பிள்ளைதான் நம் வீட்டுப் பொம்மை வண்டி.

பெரிய லாரிகள் பலவற்றில் பின்சக்கரங்களுக்கு மட்டுமே ஆற்றல் செல்கிறது. பாறையேறும் வண்டியிலோ நான்கு சக்கரங்களும் இழுக்கின்றன. ஆதலின் நடுவிலுள்ள கியர்ப் பெட்டியிலிருந்து முன்னுக்கு ஒன்றும் பின்னுக்கு ஒன்றுமாக இரண்டு தண்டுகள் செல்கின்றன.

ஏன் முறிகிறது?

பல வண்டிகளில் கடையிலிருந்து வரும்போது இத்தண்டுகள் பிளாஸ்டிக்கால் ஆனவையாகவே உள்ளன. சமதரையில் அவை நெடுநாள் உழைக்கும். பாறையில் ஏறும்போதுதான் சோதனை வருகிறது.

இவ்வகை வண்டியில் மோட்டார் சுமார் 40 முறை சுழன்றால் சக்கரம் ஒரு முறை சுழலும்படி கியர்கள் அமைவதுண்டு. வேகம் குறையக் குறைய முறுக்கு விசை பெருகுகிறது. உராய்வில் இழப்பது போக, மோட்டாரின் சிறு விசை ஏறக்குறைய அத்தனை மடங்காகிச் சக்கரத்தை அடைகிறது. இந்நிலையில் ஒரு சக்கரம் இரு கற்களின் இடுக்கில் சிக்கிக்கொண்டால் என்ன நேரும்? சக்கரம் சுழல மறுக்கிறது. மோட்டாரோ நிற்க மறுக்கிறது. இவ்விரண்டுக்கும் இடையே அகப்பட்ட தண்டு, ஈரத் துணியைப் பிழிவதுபோல் முறுக்கப்படுகிறது. பிளாஸ்டிக் திருகிப் போகிறது. அல்லது கிராஸைத் தாங்கும் கவைக்கருகில் வெடிப்பு விடுகிறது.

இரண்டாவது காரணம் கோணம். வண்டி உயரமாகவும் தண்டு குட்டையாகவும் இருந்தால், தண்டு செங்குத்தாகச் சரிய வேண்டியிருக்கும். கிராஸ் இணைப்புக்கு ஓர் இயல்பு உண்டு. கோணத்தில் சுழலும்போது அது ஒரே சீராகச் சுற்றுவதில்லை. 30 பாகைக் கோணத்தில், உள்ளே வரும் வேகம் 100 என்றால், வெளியே செல்லும் வேகம் ஒரே சுற்றுக்குள் 87க்கும் 115க்கும் இடையே ஏறி இறங்கும். கோணம் 45 பாகை ஆகிவிட்டால் அது 71க்கும் 141க்கும் இடையே ஊசலாடும். இந்தக் குலுக்கல் தண்டையும் கியர்ப் பற்களையும் ஓயாமல் இடித்துக்கொண்டே இருக்கிறது.

மாற்றுவோர் கவனிக்க வேண்டியவை

எஃகுத் தண்டு வலிமை மிக்கது என்பதில் ஐயமில்லை. ஆயினும் வலிமை என்பது பொருளில் மட்டும் அடங்கியதன்று. உருண்டையான திண்மத் தண்டு ஒன்றின் குறுக்களவை 2 மடங்காக்கினால், முறுக்கைத் தாங்கும் அதன் திறன் 8 மடங்காகிறது. எனவே 'இரும்பு' என்ற பெயரைக் கண்டு மயங்காமல் தண்டின் பருமனையும், கவையின் தடிப்பையும், ஊசித் துளையைச் சுற்றியுள்ள சதைப்பற்றையும் பார்த்தல் வேண்டும். பெரும்பாலும் முறிவது தண்டின் நடுப்பகுதி அன்று, துளையிட்ட முனைதான்.

அடுத்து நீளம். வண்டியை அடியோடு அமுக்கும்போது தண்டின் இரு பாகங்களும் உட்சென்று முட்டிக்கொள்ளலாகாது. சக்கரம் முழுவதும் தொங்கும்போது, ஒன்றிலிருந்து ஒன்று கழன்று வரும் அளவுக்குப் பிரியவும் கூடாது. இவ்விரு நிலைகளிலும் அளந்த பிறகே வாங்க வேண்டும்.

மூன்றாவதாக, இரு முனைகளிலும் உள்ள கவைகள் ஒரே தளத்தில் நேராக அமைய வேண்டும். முதல் கிராஸ் உண்டாக்கும் ஏற்ற இறக்கத்தை இரண்டாவது கிராஸ் எதிர்மாறாகச் செய்து ஈடுகட்டுகிறது. இரு முனைகளின் கோணமும் சமமாக இருந்தால் சுழற்சி சீராகும். பல்வரிசைத் தண்டைக் கழற்றிப் பூட்டும்போது ஒரு பல் தள்ளிப் பூட்டிவிட்டால், ஈடுகட்டும் வேலை கெட்டு அதிர்வு மிகும். லாரிப் பட்டறைகளில் தண்டைக் கழற்றுமுன் அடையாளக் கோடு இடும் வழக்கம் இதனாலேயே ஏற்பட்டது.

பூட்டும் சிறு திருகாணிகளுக்குக் கழலாமல் பிடிக்கும் பசையை ஒரு துளி இடுதல் நலம். வைப்பாற்றின் வறண்ட மணற்படுகையில் ஓட்டுவோர்க்கு மேலும் ஒரு குறிப்பு உண்டு. லாரியின் கிராஸுக்குத் தவறாமல் கிரீஸ் அடிக்க வேண்டும். அதன் பேரிங்குகள் மூடியுடன் அமைந்தவை. பொம்மையின் திறந்த இணைப்பில் கெட்டியான கிரீஸைப் பூசினாலோ, மணல் அதில் ஒட்டி உப்புத்தாள்போல் உலோகத்தைத் தேய்த்துவிடும். ஓட்டி முடித்ததும் தூரிகையால் துடைத்து வைப்பதே போதும்.

அடுத்து எது முறியும்?

இதுவரை கூறியவற்றை எல்லாம் கவனித்து எஃகுத் தண்டு பூட்டிவிட்டோம். சக்கரம் மீண்டும் கல்லிடுக்கில் சிக்குகிறது. தண்டு இம்முறை அசைந்து கொடுக்கவில்லை. அந்த விசை எங்கே செல்லும்? அது மறைந்துவிடாது. தண்டுக்கு அடுத்து எது நலிந்ததோ, அதனைத் தேடிச் செல்லும். அச்சுக்குள் உள்ள கியரின் பல் உதிரலாம். கியர்ப் பெட்டியிலிருந்து வெளிவரும் சிறு கம்பி வளையலாம். எதுவும் முறியாவிட்டால் மோட்டார் சூடேறிக் கருகலாம். மலிவான, வெளியே தெரியும், சில நிமிடங்களில் மாற்றக்கூடிய ஒரு பொருளைக் காப்பாற்றப் போய், உள்ளே மறைந்திருக்கும் விலையுயர்ந்த பொருளை இழக்க நேரிடும்.

வீட்டிலுள்ள மின்சாரப் பெட்டியை எண்ணிப் பாருங்கள். பியூஸ் கம்பி அடிக்கடி உருகுகிறதே என்று சலித்துக்கொண்டு, தடித்த கம்பியைச் சுற்றி வைப்பவர் உண்டு. அதன்பின் பியூஸ் போகாது. வீட்டுக் கம்பிகளே பற்றி எரியும். உருகிப் போவதுதான் அந்த மெல்லிய கம்பியின் தொண்டு. பிளாஸ்டிக் தண்டும் சில வேளைகளில் இத்தகைய தொண்டைத்தான் செய்துகொண்டிருக்கிறது. 'எதை முறியாமல் செய்வது?' என்பது பாதிக் கேள்வியே. 'முறிந்தே தீர வேண்டுமானால் எது முறியலாம்?' என்பது மறுபாதி.

தண்டை வலுப்படுத்துவோர் இதற்கு ஒரு வழி வைத்திருக்க வேண்டும். பல வண்டிகளில், விசை அளவு மீறும்போது வழுக்கிக் கொடுக்கும் கிளட்ச் ஒன்று உண்டு. எஃகுத் தண்டு போட்ட பிறகு அதனைச் சரியாக முடுக்கி வைப்பது இன்றியமையாதது. அதையும் இறுக்கிப் பூட்டிவிடுபவர், தடித்த பியூஸ் கம்பி சுற்றியவரே ஆவார்.

வேறொரு வழியும் உண்டு. தண்டை வலுவாக்குவதற்குப் பதிலாக, அதன்மேல் விழும் பளுவைக் குறைப்பது அது. ஜெர்மனியின் 'யூனிமாக்' என்னும் புகழ்பெற்ற வண்டியில் சக்கரத்தின் அருகிலேயே மேலும் ஒரு கியர் அமைந்திருக்கிறது. வேகத்தைக் குறைத்து விசையைப் பெருக்கும் வேலையில் ஒரு பங்கு, தண்டைக் கடந்த பிறகு நடைபெறுகிறது. அதனால் சக்கரத்துக்கு முன்போலவே விசை கிடைக்கிறது. தண்டு தாங்கும் முறுக்கோ குறைகிறது. அச்சும் தரையிலிருந்து உயர்கிறது. டிராக்சஸ் நிறுவனம் 2017இல் வெளியிட்ட 'டிஆர்எக்ஸ்-4' என்னும் பொம்மை வண்டி இம்முறையையே பின்பற்றியது. சுமப்பவரின் தோளை வலுவாக்குவது ஒரு வழி; சுமையைப் பகிர்ந்துகொள்வது மற்றொரு வழி.

நம் பகுதிக்கு உரிய எச்சரிக்கை

மற்ற ஊர்களில் இக்கட்டுரையை இத்தோடு முடித்துவிடலாம். சாத்தூர், சிவகாசி வட்டாரத்தில் வாழும் நமக்கு மேலும் ஒரு கடமை இருக்கிறது. பட்டாசு ஆலைகளில் இரும்புக் கருவிகளைத் தவிர்த்து, பித்தளையாலும் மரத்தாலும் ஆன கருவிகளை ஏன் கையாளுகின்றனர் என்பதை நம் பிள்ளைகள் அறிவர். எஃகு கல்லில் உரசினால் பொறி பறக்கக்கூடும். பாறையேறும் வண்டியின் எஃகுத் தண்டு கல்லில் உரசுவது அன்றாட நிகழ்ச்சி. கரித்துண்டு பொருந்திய சாதாரண மோட்டாரின் உள்ளேயும், ஓடும்போதெல்லாம் சிறு பொறிகள் தோன்றுகின்றன.

இவ்வண்டிகளில் பயன்படும் லித்தியம் பாட்டரியும் கவனத்துக்குரியது. அதன் ஒவ்வொரு செல்லும் 4.2 வோல்ட்டுக்கு மேல் ஏறலாகாது. சுமார் 3 வோல்ட்டுக்குக் கீழ் இறங்கலாகாது. அளவு மீறினாலும், அடிபட்டு உப்பினாலும் தீப்பற்றும் அபாயம் உண்டு. பெரியவர் ஒருவர் அருகிலிருக்க, அதற்கென உரிய சார்ஜரைக் கொண்டு, வெறுந்தரையில் வைத்தே மின்னேற்றம் செய்ய வேண்டும். இரவில் மாட்டிவிட்டுத் தூங்கச் செல்வது கூடவே கூடாது. உப்பிய பாட்டரியை மீண்டும் பயன்படுத்தலாகாது.

2021 பிப்ரவரி 12 அன்று சாத்தூரை அடுத்த அச்சன்குளத்துப் பட்டாசு ஆலையில் நேர்ந்த வெடிவிபத்தை நம் மக்கள் மறந்திருக்கமாட்டார்கள். பட்டாசு, தீப்பெட்டி, அவற்றுக்கான மருந்து, தாள் ஆகியவை இருக்கும் இடத்துக்கு அருகில் இவ்வண்டியை ஓட்டவும் கூடாது. அதன் பாட்டரிக்கு மின்னேற்றவும் கூடாது. இதில் விட்டுக்கொடுப்புக்கு இடமே இல்லை.

பெற்றோரே, என்ன செய்யலாம்?

பிள்ளை கேட்டவுடன் வாங்கிக் கொடுத்துவிட வேண்டாம். வீண் செலவென்று விரட்டிவிடவும் வேண்டாம். முறிந்த தண்டைக் கொண்டுவரச் சொல்லுங்கள். எவ்விடத்தில் முறிந்தது, எந்தக் கோணத்தில் நின்றபோது முறிந்தது என்று கேளுங்கள். நீளத்தை அவனே அளந்து எழுதட்டும். "இது முறியாவிட்டால் அடுத்தது எது முறியும்?" என்ற கேள்விக்கு அவன் விடை கண்டுவிட்டால், தயங்காமல் வாங்கிக் கொடுக்கலாம். வழுக்கும் கிளட்ச் தளர்ந்திருந்ததோ, இறுகியிருந்ததோ என்று அவனே கண்டறிந்து சரிசெய்துவிட்டால், வாங்க வேண்டிய தேவையே இல்லாமலும் போகலாம். பெண் பிள்ளைகள் கேட்டாலும் இதுவே முறை. அளவுகோலுக்கும் திருப்புளிக்கும் ஆண், பெண் வேறுபாடு தெரியாது.

சாத்தூர் ஒரு காலத்தில் பேனா நிப்புகளுக்குப் பெயர் பெற்ற ஊர். மெல்லிய தகட்டை வெட்டி, வளைத்து, நடுவே பிளந்து, மை தாராளமாக இறங்கவும் காகிதத்தைக் கிழிக்காமல் ஓடவும் செய்த கைகள் இங்கே இருந்தன. நிப்பு அளவுக்கு மேல் விறைப்பாக இருந்தால் எழுத்து ஓடாது. அளவுக்கு மேல் நெகிழ்ந்தால் நுனி விரிந்துபோகும். எவ்விடம் உறுதியாக இருக்க வேண்டும், எவ்விடம் வளைந்து கொடுக்க வேண்டும் என்ற அளவறிவே அத்தொழிலின் உயிர். பந்துமுனைப் பேனா வந்தபின் அத்தொழில் நலிந்தது. அந்த அளவறிவு நலிந்துவிட வேண்டியதில்லை. முறிந்த ஒரு பொம்மைத் தண்டைக் கையிலெடுத்து, வாங்குவதற்கு முன் ஒரு நாழிகை சிந்திக்கும் பிள்ளையிடம் அது மீண்டும் துளிர்க்கும்.